ஊகமும் அனுமானமும் கோளும்: வடசிலாங்கூர்த் தோட்ட வழக்கை முன்வைத்து ஒரு சொல்லாய்வு

முன்னுரை

கண்டு அறிவது ஒன்று. கண்டதைக் கொண்டு காணாததை அறிவது மற்றொன்று. காணாமலும் ஆராயாமலும் ஒன்றை உள்ளதாக வைத்துக்கொள்வது வேறொன்று. இம்மூன்றுள் இரண்டாவதும் மூன்றாவதும் இன்றைய தமிழில் பெரும்பாலும் ஒரே சொற்களால் குறிக்கப்படுகின்றன. ‘அனுமானம்’, ‘ஊகம்’ ஆகிய இரு சொற்களும் ஓரிடத்தில் ஆய்ந்து பெற்ற முடிவையும், வேறோரிடத்தில் ஆயாது கொண்ட எண்ணத்தையும் சுட்டுகின்றன. இம்மயக்கம் வகுப்பறையில் மாணவரின் விடையையும் மதிப்பெண்ணையும் தொடுகின்றது. ஆகவே இதனை அகராதியாளரின் சிக்கல் என்று மட்டும் ஒதுக்கிவிட இயலாது.

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளின் அறிவியல் பாடத்தில் வழங்கும் கலைச்சொற்களைப் பழைய அளவை நூல்களின் வழக்கோடும், கோலசிலாங்கூர் முதலிய வடசிலாங்கூர்த் தோட்டப்புறப் பேச்சு வழக்கோடும் ஒப்பிட்டு, அச்சொற்களின் தகுதியை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கம். தோட்ட வழக்கைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. எழுத்து வழக்கில் கலந்துபோன வேறுபாடுகள் சில பேச்சு வழக்கின் வினைமுற்றுகளில் இன்றும் பிரிந்தே நிற்கின்றன. அவ்வினைமுற்றுகள் வடசிலாங்கூருக்கு மட்டும் உரியவை அல்ல. தமிழ் பேசப்படும் பிற இடங்களிலும் கேட்கப்படுபவையே. ஆயினும் மழையையும் ஆற்றையும் மரத்தையும் பார்த்துப் பிழைப்பை நடத்திய தொழிற்களம் ஒன்றில் அவை பெறும் பயன் தெளிவாகப் புலப்படுகின்றது.

அளவை நூல்களில் கருதல்

‘அனுமானம்’ என்னும் வடசொல் ஓர் அளவையின் பின்னாக வரும் அளவை என்னும் பொருளுடையது. முதலில் காட்சி, அதன்பின் கருதல். தமிழ் நூல்கள் இதனைக் ‘கருதல்’ என்றும் ‘கருத்தளவு’ என்றும் வழங்கின. மணிமேகலையின் இருபத்தேழாம் காதையில் அளவைவாதி கூறும் பகுதியில் கருத்தளவு மூவகைப்படுகின்றது. காட்டில் யானையின் ஒலி கேட்டு யானை உண்டென அறிவது பொது. ஆற்றில் வெள்ளத்தைக் கண்டு மேற்புறத்தில் மழை பெய்ததை அறிவது எச்சம். சூல்கொண்ட முகிலைக் கண்டு மழை பெய்யும் என்பது முதல். நியாய சூத்திரம் கூறும் மூவகை அனுமானங்களோடு இவை ஒத்துச் செல்வன. எச்சம் விளைவிலிருந்து காரணத்திற்குப் பின்னோக்கிச் செல்கின்றது. முதல் காரணத்திலிருந்து விளைவிற்கு முன்னோக்கிச் செல்கின்றது.

அதே காதை அறிவு பிழைபடும் வழிகள் எட்டனையும் தொகுத்துரைக்கின்றது. அவற்றுள் நம் பொருளுக்கு இன்றியமையாதவை மூன்று. வெண்ணிறம் ஒளிரும் இப்பியை வெள்ளி என்று கொள்வது திரியக்கோடல். திடலில் தெரியும் உருவம் தறியோ மனிதனோ எனத் தடுமாறுவது ஐயம். ஆராயாமலே தறியை மனிதன் என்று முடிவு கட்டுவது தேராது தெளிதல். ஐயம், தேராது தெளிதல் ஆகிய இரண்டிற்கும் ஒரே காட்சி எடுத்துக்காட்டாக நிற்பது நோக்கத்தக்கது. கண் கண்டது ஒன்றே. ஒருவன் அறியாமையை அறிந்து நிற்கிறான்; மற்றவன் அறியாமையை அறிவாக எண்ணிக்கொள்கிறான். நாம் இன்று பேச்சில் ‘நானாக நினைத்துக்கொண்டேன்’ என்று கூறும் நிலைக்கு அளவை நூலார் இட்ட பெயர் தேராது தெளிதல் என்பதே. அவர்கள் அதனை அளவையுள் அடக்கவில்லை. அளவைப் போலியுள் அடக்கினர்.

இனி, ஊகம். நியாய சூத்திரம் தர்க்கத்தை வரையறுக்கும் இடத்தில் அதனை ஊகம் என்னும் சொல்லாலேயே விளக்குகின்றது. உண்மை இன்னதென இன்னும் தெளியாத பொருள்மீது, காரணம் பொருந்தும் வகையில் செலுத்தும் சிந்தனை அது. அது தனி அளவை அன்று, அளவைக்குத் துணை. எனவே பழைய வழக்கில் ஏதுவால் நிறுவப்பட்ட முடிவு அனுமானம். முடிவிற்கு முன்னரான சிந்தனை ஊகம். உறுதியின் படிவரிசையில் அனுமானம் மேலும் ஊகம் கீழும் நின்றன. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியாரும் காண்டல், கருதல், உரை என அளவைகளை எண்ணும்போது கருதலுக்கு அந்த உயர்ந்த இடத்தையே தருகின்றது.

பாடநூல் வழக்கும் அதன் சிக்கலும்

மலேசியத் தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடம் ‘அறிவியல் செயற்பாங்குத் திறன்’ என்னும் வரிசையில் உற்றறிதல், வகைப்படுத்துதல், ஊகித்தல், முன் அனுமானித்தல், கருதுகோள் உருவாக்குதல் முதலியவற்றைக் கற்பிக்கின்றது. உற்றறிந்ததற்குக் காரணம் கூறுவது ஊகித்தல். இனி நிகழவிருப்பதை உற்றறிந்தவற்றைக் கொண்டு கூறுவது முன் அனுமானித்தல். மாறிகளுக்கிடையே உள்ள தொடர்பைச் சோதனைக்கு முன் ஒரு கூற்றாக வைப்பது கருதுகோள். இச்சொற்கள் மலாய்ப் பாடத்திட்டத்தின் கலைச்சொற்களுக்கு ஈடாக அமைந்தவை.

மேற்காட்டிய அளவை வழக்கோடு ஒப்பிட்டால் ஒரு தலைமாற்றம் புலனாகும். விளைவைக் கண்டு காரணத்தை அறிவதாகிய எச்சம், அனுமானத்தின் ஒரு வகை. பாடநூல் அதற்கு ஊகித்தல் என்று பெயரிடுகின்றது. முகில் கண்டு மழை கூறும் முதலும் அனுமானத்தின் ஒரு வகையே. பாடநூல் அதற்கு ‘முன்’ என்னும் அடை கொடுத்து முன் அனுமானித்தல் என்கின்றது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரு திறன்களுள் ஒன்று அனுமானத்தின் பெயரையும் மற்றொன்று ஊகத்தின் பெயரையும் பெற்றுப் பிரிந்துவிட்டன. அடையில்லாத அனுமானம் எது என்று ஒரு மாணவன் வினவினால், பாடத்தின் செயற்பாங்குத் திறன் வரிசையில் அதற்கு இடமில்லை.

கலைச்சொல் ஒன்று தன் பழம்பொருளினின்று மாறக்கூடாது என்று வாதிடுவது இங்கு நோக்கமன்று. சொற்கள் மாறும், துறைக்கேற்பப் புதுப்பொருள் பெறும். சிக்கல் வேறோர் இடத்தில் உள்ளது. நாளேடுகளில் அமைச்சரவை மாற்றம் பற்றியும் தேர்தல் நாள் பற்றியும் ‘ஊகங்கள் எழுந்துள்ளன’ என்னும் தொடரை மாணவன் நாள்தோறும் காண்கிறான். அங்கு ஊகம் என்பது ஆதாரமற்ற பேச்சு. ‘ஊகத்திற்கு இடங்கொடாதீர்’ என்னும் அறிவுரையையும் கேட்கிறான். வகுப்பறையிலோ ‘ஊகித்துக் கூறுக’ என்பது ஆதாரத்தோடு காரணம் கூறும் கட்டளை. வெளியில் கடியப்படும் செயல் உள்ளே திறனாகப் பாராட்டப்படுகின்றது. இரண்டும் வெவ்வேறு செயல்கள் என்பதைச் சொல் அவனுக்குக் காட்டவில்லை. அதனால் உற்றறிந்ததைச் சாராமல் மனத்திற்குத் தோன்றியதை எழுதுவதே ஊகித்தல் என்று அவன் எண்ண இடமுண்டு. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்படும் முன்னர் அதன் அறிவியல் தாளில் இத்திறன்களைச் சோதிக்கும் வினாக்கள் இடம்பெற்று வந்தமையால், இதன் விளைவு மதிப்பெண்ணிலும் பட்டிருக்க வேண்டும்.

இச்சொற்கள் வகுப்பறையில் ஊன்றி நிற்பதற்குக் காலமும் போதிய வாய்ப்பளிக்கவில்லை. 2003ஆம் ஆண்டு அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கின. 2009இல் அக்கொள்கையைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டது. 2016 முதல் இருமொழித் திட்டம் வந்தது. ஒரு கலைச்சொல் வழங்கி வழங்கியே பொருள் தெளிய வேண்டும். இடையறவு நேர்ந்தபோது சொல் பாடநூலில் இருந்தது. வழக்கு வகுப்பில் இல்லை.

அனுமானத்தின் நிலையும் வேறு வகையில் மயங்கியுள்ளது. பொருளியல் நூல்கள் சிலவற்றில் ஒரு கோட்பாட்டைத் தொடங்குமுன் ஏற்றுக்கொள்ளும் நிபந்தனைகள் ‘அனுமானங்கள்’ எனப்படுகின்றன. அளவை நூலில் அனுமானம் ஆராய்ச்சியின் முடிவு. பொருளியல் நூலில் அதே சொல் ஆராய்ச்சியின் தொடக்கம். முடிவிற்கும் தொடக்கத்திற்கும் ஒரே பெயர் இருப்பின், ஒரு கூற்று நிறுவப்பட்டதா, நிறுவாது கொள்ளப்பட்டதா என்பதை வாசகன் எவ்வாறு அறிவான்?

‘யூகம்’ என்னும் வடிவம் பற்றி ஒரு சொல். ‘ஊகம்’ என்பதே மூலத்திற்கு இயைந்த வடிவம். யகரம் ஏறிய வடிவம் வியூகத்தோடு மயங்கவும் வழிசெய்கின்றது. ஊகம் என்பது சங்க நூல்களில் கருங்குரங்கைக் குறிக்கும் வேறொரு சொல்லாகவும் உண்டு. இடம் நோக்கிப் பொருள் கொள்வதில் அதனால் இடர் இல்லை.

தோட்ட வழக்கில் அறிதலின் படிகள்

சிலாங்கூர் ஆறு உலுசிலாங்கூர் மலைப்பகுதியில் தோன்றி, 2007ஆம் ஆண்டு வரை பத்தாங் பெர்ஜுந்தை என வழங்கிய பெஸ்தாரி ஜெயாவைக் கடந்து, கோலசிலாங்கூரில் கடலை அடைகின்றது. கீழ்ப்புறத்தில் வானம் வெளுத்திருக்க, ஆற்றுநீர் கலங்கி உயர்வதுண்டு. மணிமேகலை கூறும் எச்சத்திற்கு இதனினும் பொருத்தமான களம் வேண்டுவதில்லை. இக்காட்சியைக் கண்ட தோட்டத்து மூத்தோர் ஒருவர் ‘மேல மழ பேஞ்சிருக்கு’ என்பார். மலையில் வாழும் உறவினரிடமிருந்து செய்தி கேட்டிருந்தால் ‘மேல மழ பேஞ்சுச்சாம்’ என்பார். ஆற்றையும் காணாமல், செய்தியும் கேட்காமல், பருவத்தை மட்டும் எண்ணிச் சொன்னால் ‘மேல மழ பேஞ்சிருக்கும்’ என்பார். தாமே நனைந்து வந்திருந்தால் ‘பேஞ்சுச்சு’ என்பார். பின்னர் மழையே இல்லை எனத் தெரியவந்தால் ‘பேஞ்சுச்சுன்னு நெனச்சுக்கிட்டேன்’ என்பார்.

ஐந்து முற்றுகளும் ஐந்து அறிவுநிலைகளைப் பிரித்துக் காட்டுகின்றன. ‘பேஞ்சுச்சு’ என்பது காண்டல். ‘பேஞ்சிருக்கு’ என்பது எஞ்சிய அடையாளத்தைக் கண்டு கூறும் கருதல். ‘பேஞ்சிருக்கும்’ என்பது அடையாளமின்றிப் பொருத்தம் நோக்கிக் கூறும் ஊகம். ‘பேஞ்சுச்சாம்’ என்பது பிறர் வாய்க் கேட்ட உரை. ‘நெனச்சுக்கிட்டேன்’ என்பது தேராது தெளிந்தமையை உணர்ந்து கூறுவது. எழுத்துத் தமிழில் இவை முறையே பெய்தது, பெய்திருக்கிறது, பெய்திருக்கும், பெய்ததாம், பெய்ததாக நினைத்துக்கொண்டேன் என அமையும். பாடநூல் ஒரு பெயர்ச்சொல்லால் குறிக்க முயன்று மயங்கிய இடத்தில், வினைமுற்று மயங்காமல் நிற்கின்றது. எழுவாய்க்கேற்பவும் சூழலுக்கேற்பவும் இம்முற்றுகள் வேறு பொருள்களையும் தரும் என்பது உண்மையே. எனினும் ஒரே நிகழ்ச்சி பற்றி எதிரெதிரே வைத்துச் சொல்லும்போது இவ்வேறுபாடு தவறுவதில்லை.

தொழிற்களத்தில் இவ்வேறுபாடு கூலியைத் தொட்டது. 1917இல் தென்னமரம் தோட்டத்தில் ஹென்றி ஃபோகோனியே வணிக நோக்கில் செம்பனை பயிரிட்டார். மலாயாவின் முதல் செம்பனைத் தோட்டம் என அது அறியப்படுகின்றது. செம்பனைக் குலை உயரத்தில் இருப்பது. அதன் பழுப்பைத் தரையில் உதிர்ந்து கிடக்கும் பழங்களைக் கொண்டே அறுப்பவர் அறிகிறார். உதிரிப் பழம் விளைவு. குலை பழுத்தமை காரணம். இதுவும் எச்சமே. உதிரிப் பழத்தைப் பாராமல் ‘பழுத்திருக்கும்’ என்று அறுத்தால் காய்க்குலை விழும், எண்ணெய் குறையும், அறுத்தவருக்கு இழப்பு. ‘பழுத்திருக்கு’ என்பதற்கும் ‘பழுத்திருக்கும்’ என்பதற்கும் இடையே உள்ள ஒரு மகர மெய் இங்கு பொருளுள்ளதாகின்றது.

ரப்பர்த் தோட்டத்தில் மற்றொரு சொல்லும் வழங்கியது; ‘உத்தேசம்’ என்பது அது. வெட்டிக் கொண்டுவந்த பாலில் உலர்ரப்பர் ஏறத்தாழ 30 முதல் 40 விழுக்காடு. எஞ்சியதில் பெரும்பகுதி நீர். மிதவைக் கருவியைப் பாலில் இட்டு அடர்த்தியைப் பார்த்துக் கிராணி குறிப்பது விரைவான மதிப்பீடு. மாதிரியை உறையவைத்து உலர்த்தி நிறுப்பது துல்லியமான அளவு. உத்தேசம் அளவின் அண்மையைக் குறிக்கும் சொல். காரணத்தைத் தேடும் சொல் அன்று. எனவே ஊகித்தலுக்கும் அனுமானித்தலுக்கும் உத்தேசத்தை ஈடாக வைக்கலாகாது. தோட்ட வழக்கு அதனையும் தனியே வைத்திருந்தது.

‘கொள்’ என்னும் துணைவினை

மேற்கண்ட ஐந்து முற்றுகளுள் இறுதியானது ‘கொள்’ என்னும் துணைவினையைப் பெற்று வருவது தற்செயல் அன்று. நினைத்துக்கொள், எண்ணிக்கொள், வைத்துக்கொள், எடுத்துக்கொள் ஆகியன யாவும் பொருள் புறத்தே எவ்வாறிருப்பினும் அகத்தே ஒன்றை ஏற்றுவைத்தலைச் சுட்டுகின்றன. வடிவியலில் ‘எனக் கொள்க’ என்று தொடங்குவதும் இதனாலேயே. மணிமேகலை கூறும் திரியக்கோடலில் உள்ள ‘கோடல்’ என்பதும் கொள் அடியினதே. கருதுகோள், எடுகோள் ஆகிய கலைச்சொற்களின் ஈற்றில் நிற்கும் ‘கோள்’ என்பதும் அதுவே.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். தொல்காப்பிய மரபியல் கூறும் முப்பத்திரண்டு உத்திகளுள் ‘உய்த்துக்கொண்டு உணர்தல்’ என்பது ஒன்று; அங்கும் கொள் உளதன்றோ எனின், அத்தொடரின் அமைப்பே மறுப்பிற்கு விடையாகின்றது. அங்கு கொள்ளுதல் இடைநிலை, உணர்தல் முடிநிலை. கொண்டதை உணர்வில் கொண்டுபோய் முடிக்கும்போது அது ஆராய்ச்சியாகின்றது. கொள்ளுதலே முடிநிலையாக நின்றுவிடும்போது அது வெறும் கோளாகின்றது. நன்னூல் இதனை ‘உய்த்துணர வைப்பு’ என்று கூறும்போது முடிநிலையாகிய உணர்வை விடாமல் வைத்திருப்பதும் ஒப்புநோக்கத்தக்கது.

கருதுகோள் என்னும் சொல்லாக்கம் இந்நோக்கில் பாராட்டத்தக்கது. கருதலின் பகுதியும் கோளின் விகுதிநிலையும் சேர்ந்து, காரணத்தோடு கருதப்பட்டது எனினும் இன்னும் கொள்ளப்பட்ட நிலையிலேயே உள்ளது என்னும் பொருளை அது தருகின்றது. சோதனை முடிந்தபின் கோள் நீங்கி உணர்வாகும். எடுகோளோ சோதனைக்கு உட்படாமல் வாதத்தின் பொருட்டு எடுத்துக்கொள்ளப்படுவது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல் மரபிலும் வழங்கும் இச்சொல்லைப் பொருளியலார் ‘அனுமானங்கள்’ என்பதற்கு மாற்றாக ஏற்பின் மயக்கம் பெரிதும் நீங்கும்.

மலாய் மொழியின் சான்றும் இங்கு துணைசெய்கின்றது. சங்கா என்னும் வடசொல் ஐயம், அச்சம் என்னும் பொருளுடையது. தமிழில் சங்கை என்று ஐயப்பொருளில் வழங்கியது. மலாயில் அதுவே ‘சங்கா’ எனப் புகுந்து எண்ணிக்கொள்ளுதலைக் குறித்தது. ‘பிரசங்கா’ என்னும் போது முன்கூட்டியே கொண்ட தவறான எண்ணத்தைக் குறிக்கின்றது. தமிழில் ஐயமாக நின்ற சொல் மலாயில் கோளாகியது. தறியைக் கண்ட இருவருள் ஒருவனிடமிருந்து மற்றவனிடம் ஒரு சொல் இடம்பெயர்ந்தது எனலாம்.

புகையும் தீயும்

மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள் எடுத்துக்காட்டும் அனுமானம் பலரும் அறிந்தது. இம்மலை நெருப்புடையது, புகையுடைமையால், அடுக்களை போல. 2005ஆம் ஆண்டு ஆகஸ்டில் கோலசிலாங்கூரில் புகைமூட்டம் மிகுந்து, காற்றுத் தூய்மைக் குறியீடு 500ஐத் தாண்டி, நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. அப்புகையின் பெரும்பகுதி கடல் கடந்து சுமத்திராவிலிருந்து வந்தது. புகையைக் கண்டு ‘தீ உண்டு’ என்ற மாணவனின் முடிவு பிழையன்று. ‘தீ இங்கு உண்டு’ என்றால் பிழை. புகை எழும் இடம் மலையா அன்றா என்பதைத் தேர்ந்தபின்னரே ஏது செல்லும். வடசிலாங்கூரின் ராஜா மூசா கரிச்சதுப்புக் காட்டிலோ தீ மண்ணின் கீழே பரவிப் புகை மட்டும் வெளிப்படுவதுண்டு. அங்கு தீ காணப்படாமையால் தீ இல்லை என்பதும் பிழை. அனுமானம் எங்கே முடிந்து கோள் எங்கே தொடங்குகின்றது என்பதை விளக்க ஆசிரியர்க்கு இவ்விரு காட்சிகளும் போதும். பாடநூலில் இல்லாத எடுத்துக்காட்டு மாணவன் மூச்சுவிட்ட காற்றிலேயே இருந்தது.

ஆசிரியர்க்குரிய கோள்

தோட்டப்புற மாணவனின் பேச்சு கொச்சை என்னும் எண்ணம் நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. ‘பேஞ்சிருக்கு’ என்பதைத் திருத்திப் ‘பெய்திருக்கிறது’ என எழுதப் பழக்குவது ஆசிரியரின் கடமை. அதில் கருத்து வேறுபாடில்லை. ஆனால் ஒலிவடிவத்தைத் திருத்தும்போது அதனுள் இருக்கும் அறிவுப் பகுப்பையும் அழித்துவிடுதல் கேடு. ‘பேஞ்சிருக்கு’, ‘பேஞ்சிருக்கும்’ இரண்டையும் பிழையென ஒருங்கே அடித்து, மேலே ‘மழை பெய்தது’ என்று எழுதினால், மாணவன் கொண்டுவந்த அளவை இலக்கணம் அத்துடன் அழிகின்றது. பின்னர் அதையே ஊகித்தல் என்னும் புதுப்பெயரில் அவனுக்குக் கற்பிக்க முயல்கிறோம்.

திருக்குறளின் தெரிந்து தெளிதல் அதிகாரம் ஆராயாமல் ஒருவரைத் தெளிதலையும், தெளிந்தபின் ஐயுறுதலையும் ஒருசேரக் குற்றமாகக் கூறி முடிகின்றது. அது அரசன் அமைச்சரைத் தேர்வது பற்றியதாயினும், ஆசிரியன் மாணவனை மதிப்பதற்கும் பொருந்தும். தோட்டத்துப் பிள்ளைக்கு மொழி வளம் இல்லை என்பது உற்றறிந்து பெற்ற முடிவா, எடுத்துக்கொண்ட எடுகோளா? தோட்டங்கள் விற்கப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, அங்கிருந்தோர் நகர்ப்புறக் குடியிருப்புகளில் சிதறும் நிலையில் இவ்வழக்கைக் கேட்டறியும் வாய்ப்பும் குறைந்து வருகின்றது. ஆராயாமல் தெளிந்த ஒன்றைப் பின்னர் ஆராய விரும்பினாலும் சான்று கிடைக்காமற்போகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். அனுமானம் என்பதை ஏதுவோடு கூடிய முடிவிற்கே உரியதாக வைத்தல் வேண்டும். தொடக்க நிபந்தனைக்கு எடுகோள் என்பதே தக்கது. உற்றறிந்ததற்குக் காரணம் காணும் திறனுக்கு ஊகித்தல் என்பதினும் உய்த்துணர்தல் என்பது மரபிற்கும் பொருளுக்கும் இயைந்தது. பாடநூற்சொல்லை உடனே மாற்றல் இயலாதெனின், ஆசிரியர் அச்சொல்லை வினைமுற்றோடு இணைத்தேனும் விளக்கலாம். சான்று கண்டு கூறுவதைப் ‘பெய்திருக்கிறது’ என்னும் வாய்பாட்டாலும், சான்றின்றிக் கூறுவதைப் ‘பெய்திருக்கும்’ என்னும் வாய்பாட்டாலும், இனி வருவதைப் ‘பெய்யும்’ என்னும் வாய்பாட்டாலும் எழுதப் பழக்கின் மாணவன் தன் கூற்றின் வலிமையைத் தானே அளந்துகொள்வான். நினைத்துக்கொண்டதை நினைத்துக்கொண்டேன் என்று சொல்லத் தெரிந்தவனுக்கு அளவையின் முதற்பாடம் முன்னரே கைவந்துள்ளது. அதனை அவன் பேச்சிலிருந்து எடுத்து எழுத்தில் நிறுத்துவதே தமிழாசிரியர்முன் உள்ள பணி.